அணைக்கட்டும் ஆற்று மீனும்

கமக்காரராகிய நீங்கள் அணைக்கட்டின் நன்மையை நேரிற் கண்டறிந்தவர்கள். மாரிநீரைத் தேக்கிவைத்துக் கோடையிற் பாய்ச்ச முடியாவிடின், சிறுபோகம் பல இடங்களிற் பெயரளவிலேயே இருக்கும். ஆதலால், தேக்கப்படாத நீரை "வீணே கடலுக்குப் போகும் நீர்" என்று கூறுவது நம்மிடையே வழக்கமாயிற்று.

அந்த நீர் முற்றும் வீணாகின்றதா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். முன்னர் வெள்ளம் வற்றுங் காலத்தில் வயலோரத்து மடுக்களில் விராலும் கெளுத்தியும் வாளையும் வேண்டிய மட்டும் கிடைத்தன என்றும், இன்று அவை அருகிவிட்டன என்றும் முதியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். கண்ணறை சிறிய வலையும், நீரிற் கலக்கும் நஞ்சும் இதற்குக் காரணம் என்பர். அவை காரணங்களே. எனினும் அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆறு ஓடும் முறையே மாறிவிட்டமைதான் அது.

இலங்கையின் நன்னீரில் ஏறக்குறைய நூறு வகை நாட்டு மீன்கள் உண்டு. அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. விதைநெல் அழிந்தால் அயலூரிலிருந்து கொண்டுவரலாம். இம்மீன்களுள் ஒன்று அழிந்தால் அதைக் கொண்டுவருவதற்கு வேறிடம் இல்லை.

மீனுக்கு வேண்டிய ஆறு எத்தகையது?

நீர் இருந்தால் மீன் வாழும் என்று எண்ணுதல் தவறு. நெல்லுக்கு விதைக்கும்போது ஓரளவு நீரும், குடலைப் பருவத்தில் வேறோரளவு நீரும், அறுவடைக்கு முன் வற்றிய நிலமும் வேண்டும். அதுபோலவே ஆற்று மீனுக்கும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு நிலை வேண்டும். அது நான்கு வகைப்படும்.

முதலாவது, ஓட்டம். கற்களின்மேல் விரைந்தோடும் நீரிற் காற்று நன்கு கலந்திருக்கும். கற்களிற் படரும் பாசியும் சிறு புழுக்களும் பல மீன்களுக்கு உணவாகும். இரண்டாவது, ஏற்றமும் வற்றலும். புதுவெள்ளம் வருதலே பல மீன்களுக்கு இனம்பெருக்கும் அறிகுறியாகும். மூன்றாவது, வழி. மேலாற்றுக்கும் கீழாற்றுக்கும், ஆற்றுக்கும் அயலிலுள்ள தாழ்நிலத்துக்கும், சில மீன்களுக்குக் கடலுக்கும் போய்வர வழி வேண்டும். நான்காவது, நீரின் தன்மை. வெப்பம், கலங்கல், வண்டல் ஆகியன வழக்கமான அளவில் இருத்தல் வேண்டும்.

அணைக்கட்டு இந்நான்கையும் ஒருங்கே மாற்றுகின்றது. எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு மகாவலி கங்கையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மேலாற்றில் நேர்ந்த மாற்றம்

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமுடையது. நம் நாட்டின் மிக நீண்ட ஆறு. தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கின் நீர் இதனைச் சேர்கின்றது. 1976 இல் பொல்கொல்லையில் ஆறு மறிக்கப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வடக்கே திருப்பப்பட்டது. 1985 இல் கொத்மலை, விக்டோரியா அணைகளும், 1986 இல் ரந்தெனிகல அணையும், 1990 இல் ரந்தம்பை அணையும் பயன்பாட்டுக்கு வந்தன. மகாவலியின் கிளையாகிய அம்பன் கங்கையில் மொறகஹகந்த அணை 2018 இல் நிறைவேறியது. இவற்றால் இலட்சக்கணக்கான ஏக்கர் வயல் நீர் பெற்றது. நாட்டுக்கு மின்சாரமும் கிடைத்தது.

விக்டோரியா அணை 122 மீற்றர், அதாவது 400 அடி உயரமுடையது. அதன் பின்னே தேங்கிய நீரில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியதை யாவரும் அறிவர். அதே நீரில் ஆற்றின் நீரோட்டப் பாறைகளும் மூழ்கின என்பதைச் சிலரே அறிவர். அப்பாறைகளிடையே, ஆழமும் வேகமும் கூடிய நீரில், பச்சைநிறம் வாய்ந்த ஒரு பெரிய மீன் வாழ்ந்து வந்தது. சிங்களத்தில் அதனைக் கடயா என்பர். விஞ்ஞானிகள் 1917 இல் அதனைக் கண்டு லேபியோ பிஷரி எனப் பெயரிட்டனர். பாறையிற் படர்ந்த பாசியைச் சுரண்டி உண்பது அதன் இயல்பு. பாறைமேல் நூறடி நீர் நின்றால் அங்கே வெளிச்சம் புகாது, பாசி வளராது, ஓட்டமும் இராது. ஆதலால் நீர் நிறைந்த அந்தத் தேக்கத்தில் அம்மீனுக்கு இடமில்லாது போயிற்று. இன்று அது மேலாற்றின் எஞ்சிய நீரோட்டங்கள் சிலவற்றில் மட்டுமே காணப்படும் அருகிய இனமாகும்.

லக்கலைப் பகுதியில் நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கி அம்பன் கங்கையைச் சேரும் களுகங்கை என்னும் சிற்றாறும் இத்தகையதே. களுத்துறையிற் கடலைச் சேரும் களுகங்கை வேறு; இது வேறு. முதுகுச் செட்டையில் நீண்ட இழைகளும், உடலிற் கருந்திட்டுகளும் கொண்ட ஒரு சிறு கெண்டைவகை இச்சிற்றாற்றிலிருந்தே 1985 இல் விஞ்ஞானிகளால் விவரிக்கப்பட்டது. அதன் வாழ்விடம் மிகக் குறுகியது. இச்சிற்றாற்றிலும் இப்போது ஓர் அணை உண்டு. பரந்த இடத்தில் வாழும் மீன் ஓரிடத்தை இழந்தாலும் பிறிதோரிடத்தில் தப்பும். ஒரே சிற்றாற்றை நம்பி வாழும் மீனுக்கு அது இயலாது.

வழி மறிக்கப்படுதல்

விலாங்கு மீனை நீங்கள் அறிவீர்கள். அது ஆற்றிலும் குளத்திலும் பல்லாண்டு வளரும். ஆனால் அங்கே முட்டையிடுவதில்லை. முதிர்ந்த விலாங்கு ஆற்றுவழியே இறங்கி ஆழ்கடலை அடைந்து அங்கே முட்டையிடும். ஊசிபோன்ற அதன் குஞ்சுகள் கடலிலிருந்து ஆற்றுமுகத்தை அடைந்து, நீரை எதிர்த்து மேலேறும். ஈரமான கல்லிலும் பாசி படர்ந்த சுவரிலும் ஊர்ந்தேறும் வல்லமை அவற்றுக்கு உண்டு. எனினும் நூற்றுக்கணக்கான அடி உயர்ந்த உலர்ந்த கொங்கிறீற்றுச் சுவரை அவை கடத்தல் அரிது. அணைக்கு மேலே முன்னரே வளர்ந்த விலாங்குகளும் கடலுக்கு இறங்கும்போது மின்னியந்திரச் சுழலிகளில் அகப்பட்டு மடியும்.

வாளை, கெளுத்தி, பெரிய கெண்டைகள் ஆகியன கடலுக்குச் செல்வதில்லை. ஆயினும் புதுவெள்ளம் கண்டவுடன் ஆற்றில் மேலேறியோ, கரைகடந்து தாழ்நிலத்துட் புகுந்தோ முட்டையிடும் இயல்பினவை. விராலும் பனையேறியும் முதல் மழையில் வாய்க்கால் வழியாக வயலுக்குள்ளே வருவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். நம் முன்னோர் கட்டிய கல்லணைகள் பெரும்பாலும் தாழ்ந்தவை. பெருவெள்ளத்தில் அவை நீருள் மூழ்கிவிடும். அப்போது மீன் அவற்றைக் கடந்து செல்லும். ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்த சிறு குளங்களிலும், மாரியில் வான் பாயும்போது மேற்குளத்துக்கும் கீழ்க்குளத்துக்கும் இடையே மீனுக்கு வழி உண்டாகும். ஆகவே, ஆண்டில் சில நாளேனும் வழி திறக்கும் அணையும், என்றுமே வழி திறவாத அணையும் மீனுக்கு ஒன்றல்ல.

வெள்ளமும் வில்லும்

மன்னம்பிட்டிக்குக் கீழே மகாவலி சமவெளியில் இறங்கி, மெதுவாக வளைந்து ஓடுகின்றது. அதன் இருமருங்கும் வில்லு எனப்படும் தாழ்ந்த நீர்நிலைகள் பல உள. ஹந்தபான் வில்லு இவற்றுட் பெரியது. வடகீழ்ப் பருவமழையில் ஆறு பெருகிக் கரைகடந்து வில்லுகளை நிரப்பும். மழை ஓய்ந்து ஆறு வற்றும்போது அந்நீரின் ஒரு பகுதி மெல்ல ஆற்றுக்கே திரும்பும். நீர் வற்றிய ஓரங்களிற் புல் தழைத்து யானைக்கும் மாட்டுக்கும் உணவாகும். இப்பகுதியின் ஒரு பாகம் 1984 இல் வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

மீனுக்கு வில்லு என்பது நெல்லுக்கு நாற்றுமேடை போன்றது. புதிதாய் மூழ்கிய புல்லிடையே முட்டை ஒட்டிக்கொள்ளும். புல் அழுகுதலால் நுண்ணுயிர்கள் பெருகிக் குஞ்சுக்கு உணவாகும். பெரிய மீன் புகமுடியாத செறிந்த புல்லில் குஞ்சு ஒளிந்து வளரும். சில வாரங்களின் பின் நீர் வற்றும்போது வளர்ந்த குஞ்சுகள் நீரோடு ஆற்றை அடையும்.

பெரிய நீர்த்தேக்கங்கள் மாரி வெள்ளத்தின் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவ்வாறு பிடிக்கப்படுவது பெரும்பாலும் ஆண்டுதோறும் வரும் நடுத்தர வெள்ளமாகும். பேரழிவைத் தரும் பெருவெள்ளத்தை எந்த அணையாலும் முற்றாகத் தடுக்க முடியாது. எனவே வயலை அழிக்கும் வெள்ளம் இடையிடையே வந்துகொண்டேயிருக்க, மீனை வளர்க்கும் வெள்ளம் குறைந்துபோகின்றது. வெள்ளம் எட்டாத ஆண்டில் வில்லில் நாற்றுமேடை இல்லை. அடுத்தடுத்துப் பல ஆண்டுகள் அவ்வாறாயின் மீனினம் தேயும்.

மின்னுற்பத்திக்காகத் திறக்கப்படும் நீரினால் வேறொரு தீங்கும் உண்டு. மின்சாரம் மிகுதியாக வேண்டப்படும் மாலைவேளையில் நீர் திடீரெனப் பெருகும். பின்னர் திடீரெனக் குறையும். காலையிற் கரையோரத்தில் இடப்பட்ட முட்டை இரவில் அடித்துச் செல்லப்படும்; இரவில் ஓரத்துக்கு வந்த குஞ்சு காலையிற் சேற்றிற் கிடந்து மடியும். மலைநாட்டின் சிற்றாறுகளில் அமைக்கப்பட்ட சிறிய நீர்மின் நிலையங்களிலும் கவனம் வேண்டும். அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடையில் நீர் குழாய்வழியே செல்வதால், ஆற்றின் அப்பகுதி வறண்ட கற்படுகையாக மாறக்கூடும்.

நீரின் தன்மை மாறுதல்

ஆழமான நீர்த்தேக்கத்தின் அடிநீர் மேல்நீரிலும் குளிர்ந்தது. அதிற் காற்றும் குறைவு. அடித்துருசினால் அந்நீர் திறக்கப்படின், கீழாற்று மீன் வழக்கமல்லாத குளிர்ச்சிக்கு உட்படும். முட்டையிடும் காலம் அதனால் தவறக்கூடும்.

வண்டலும் அவ்வாறே. ஆறு சுமந்துவரும் வண்டல் தேக்கத்தின் அடியிற் படிந்துவிடும். வண்டலற்ற தெளிநீர் கீழே சென்று ஆற்றுப்படுகையையும் கரையையும் அரிக்கும். படுகை ஆழமாகுமாயின், வெள்ளம் கரைகடந்து வில்லை அடைதல் முன்னையினும் கடினமாகும். தாழ்நில வயலுக்கு விலையின்றிக் கிடைத்த வண்டற் பசளையும் குறையும்.

ஆற்றுமுகத்திலும் மாற்றம் தோன்றும். மேலிருந்து வரும் நன்னீர் கோடையில் மிகக் குறையின், கடலின் உப்புநீர் ஆற்றினுள் ஏறும். கொடுவாவும் மணலையும் ஆற்று இறாலும் நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தையே நம்பி வாழ்பவை. உப்புநீர் ஏறுதலால் மீனுக்கு மட்டுமன்றி, கரையோர வயலுக்கும் கிணற்றுக்கும் தீங்கு உண்டாகும். வெருகலிலும் மூதூரிலும் மாவிலாற்று நீரைக்கொண்டு நெல் விதைப்போர் மகாவலியின் கடைமடையில் இருப்பவர்கள். கடலுக்குச் செல்லும் நீர் அவர்கள் நிலத்துக்குக் காவலாகவும் அமைகின்றது.

திலாப்பியா இருக்கின்றதே எனில்

"ஆற்று மீன் போனாலென்ன? குளத்தில் யப்பான் மீன் நிறைய உண்டே" என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு விடை கூறுதல் முறையே.

யப்பான் மீன் என நாம் வழங்கும் திலாப்பியா ஆபிரிக்காவுக்கு உரியது. இந்நாட்டுக்கு அது 1952 இற் கொண்டுவரப்பட்டது. இலங்கையில் வில்லுகளைத் தவிர இயற்கையான ஏரிகள் இல்லை. ஆதலால் அகன்று ஆழ்ந்த நிலைநீரில் வாழப் பழகிய நாட்டு மீன்கள் இங்கு மிகச் சிலவே. அணைகளால் உண்டான வெற்றிடத்தைத் திலாப்பியா நிரப்பியது. நீர்த்தேக்க மீன்பிடியிற் பெரும்பங்கு அதனுடையதே. ஏழைகளின் உணவுக்கும் மீனவரின் பிழைப்புக்கும் அது பேருதவி செய்தது என்பதை மறுத்தலாகாது.

ஆயினும் திலாப்பியா ஒன்றையே நம்புதல், ஊர்முழுவதும் ஒரே இன நெல்லை விதைத்தலை ஒக்கும். ஒரு நோயோ கடும் வரட்சியோ வருமாயின் முழு விளைச்சலும் ஒருங்கே கெடும். விரால் வற்றிய மடுவிற் காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும். பனையேறி சேற்றைக் கடந்து அடுத்த நீரைத் தேடும். சிறு கெண்டைகள் வயலில் நுளம்புக் குடம்பிகளையும் பூச்சிகளையும் தின்னும். நம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பப் பன்னெடுங்காலம் பழகிய இம்மீன்களின் வேலையைத் திலாப்பியா செய்யமாட்டாது.

கமக்காரர் செய்யத்தக்கவை

பேரணைகளை நாம் பெயர்த்தல் இயலாது, பெயர்க்கவும் வேண்டியதில்லை. ஆயினும் நீரைப் பங்கிடும் முறையிலும், ஊர் வாய்க்காலையும் மடுவையும் பேணும் முறையிலும் கமக்காரருக்கு அதிகாரம் உண்டு. பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டப்படுகின்றீர்கள்.

1. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், ஆற்றில் எஞ்சவேண்டிய நீரைப்பற்றியும் பேசுங்கள். அணைக்குக் கீழே ஆறு முற்றாக வறளாதபடி சிறிதளவேனும் நீர் விடுதல் வேண்டும்.

2. துருசையும் மதகையும் ஒரேயடியாய் மூடாதீர்கள். படிப்படியாக மூடினால் ஓரத்தில் நிற்கும் குஞ்சுகள் ஆழத்துக்குச் செல்லக் காலம் கிடைக்கும். வாய்க்கால் உடைப்பும் குறையும்.

3. கோடையில் ஆற்று மடுக்களை இறைத்து முற்றாக வற்றச் செய்யாதீர்கள். ஒரு மடுவில் எஞ்சும் சில இணைகளே அடுத்த மாரிக்கு விதைமீன் ஆகும். ஊருக்கு ஒரு மடுவையேனும் மீன்பிடியாது விடுதல் நன்று.

4. ஊர் அணைகளைத் திருத்தும்போது, ஒரு பக்கத்தில் தாழ்ந்த இடைவெளி விட்டு, அதன்கீழே கற்களைச் சரிவாக அடுக்கும்படி பொறியியலாளரைக் கேளுங்கள். பிறநாடுகளிற் பாய்ந்தேறும் மீன்களுக்கு அமைக்கும் உயர்ந்த படிகள் நம் கெளுத்திக்கும் விலாங்குக்கும் பொருந்தா. ஈரமான கரடுமுரடான சரிவே அவற்றுக்கு ஏற்றது.

5. முதல் மழையில் மேலேறும் மீனை வாய்க்காலின் குறுக்கே கூடும் பறியும் வைத்துப் பிடியாதீர்கள். அம்மீன் வயிற்றில் முட்டையோடு வருகின்றது. சில வாரம் பொறுத்துப் பிடித்தால் பன்மடங்கு கிடைக்கும்.

6. வில்லுக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள ஓடைகளை மண்போட்டு அடைத்து வயலாக்காதீர்கள். ஆற்றங்கரையிலுள்ள மருத மரங்களையும் வெட்டாதீர்கள். அவற்றின் வேர் கரையைக் காக்கும். அவ்வேர்களிடையே மீனும் தங்கும்.

7. மலைநாட்டில் மரக்கறி செய்வோர் சிற்றோடைகளை மணல்மூட்டையால் முற்றாக மறித்து நீர் இறைத்தலைத் தவிர்க்க வேண்டும். ஓடை சிறுத்த காலத்தில் அதிற் கலக்கும் நஞ்சின் வலிமை மிகும். ஆதலால் மருந்து தெளிக்கும் கருவியை ஓடையிற் கழுவாதீர்கள். வெறும் போத்தல்களை அதில் எறியாதீர்கள். தோட்டத்துக்கும் ஓடைக்கும் இடையே புல்வரம்பு ஒன்றை விடுங்கள்.

8. வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீன் பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. நீர் குறைந்த ஆற்றில் ஒரு முறை நஞ்சிடுதல் ஒரு மடுவின் முழு மீனையும் அழித்துவிடும்.

9. பிறநாட்டு மீன்குஞ்சுகளை ஆற்றிலோ, ஆற்றோடு தொடர்புள்ள குளத்திலோ விடுமுன் அதிகாரிகளின் ஆலோசனையைப் பெறுங்கள்.

முடிவுரை

ஆற்றுநீரை வயலும் மின்னிலையமும் மீனும் பங்கிடவேண்டியுள்ளது. முதலிரண்டுக்கும் பேசுவோர் உளர். மீனுக்காகப் பேசுவோர் இலர். வரட்சியான ஆண்டில் ஆற்றில் விடும் நீர் நெல்லுக்குக் குறைவாகத் தோன்றும் என்பதும் உண்மையே. அவ்வாண்டுகளிற் பங்கீடு எளிதன்று. எனினும் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் விதைக்கலாம். ஒரு சிற்றாற்றுக்கே உரிய மீன் தவறினால் மறுபோகம் இல்லை.

ஆகவே கடலுக்குச் செல்லும் நீர் முழுவதையும் வீண் என்று எண்ணாதிருப்போமாக. அது போகும் வழியில் மடுவை நிரப்பி, வில்லை வளர்த்து, உப்பைத் தடுத்து, வண்டலைப் பரப்பிச் செல்கின்றது. அடுத்த கூட்டத்தில் துருசு திறக்கும் நாளைத் தீர்மானிக்கும்போது, ஆற்றுக்கு எவ்வளவு விடுவது என்ற கேள்வியையும் ஒருவர் எழுப்புவாராக. இதுபற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிவாராக.